டிஜிஎஃப்-பீட்டாவை எழுப்புவது யார்? செல் மேற்பரப்புப் புரதங்கள் ஒரு வளர்ச்சிக் காரணியை இயக்கும் விதம்: முழுமையான வழிகாட்டி

ஆய்வேடுகளிலும் கருத்தரங்குச் சுவரொட்டிகளிலும் ஒரு முடிவுரை சலிக்காமல் வந்துகொண்டே இருக்கிறது: நோயுற்ற திசுவில் டிஜிஎஃப்-பீட்டா கூடியிருந்தது, ஆகவே நோய்க்கு அதுவே காரணம். கூடியிருந்தது எந்த நிலையில் இருந்த டிஜிஎஃப்-பீட்டா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. செல்களுக்குச் சமிக்ஞை தரும் இந்தப் புரதம் உடலின் ஏறக்குறைய எல்லாத் திசுக்களிலும் ஏராளமாகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி, செல்லில் சமிக்ஞையைப் பெறும் எந்த ஏற்பியையும் தொட முடியாத உறங்குநிலையில் கிடக்கிறது. எவ்வளவு உற்பத்தியானது என்பதைவிட, எந்த இடத்தில் எந்த செல் அதை எழுப்பியது என்பதே திசுவின் போக்கைத் தீர்மானிக்கிறது. எழுப்பும் வேலையைச் செய்பவை செல் மேற்பரப்பில் நிற்கும் சில புரதங்கள்.

உயிரியல் முதுநிலை மாணவர்களையும் இத்துறையில் ஆய்வைத் தொடங்குபவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். முதல் ஐந்து படிகள் இயங்குமுறையைப் பற்றியவை. அடுத்த இரண்டும், அதை உங்கள் ஆய்வகத்தில் சோதிப்பது எப்படி என்பதைப் பற்றியவை. கடைசி இரண்டும் மருந்தாக்கத்தையும் வேறு காரணிகளையும் பற்றியவை. நேராகச் சோதனைக்குத் தாவ நினைப்பவர்களும் இரண்டாவது, மூன்றாவது படிகளை மட்டுமாவது படித்துவிடுங்கள். சோதனையில் வரும் குளறுபடிகளில் பாதிக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

படி 1: புரதம் பிறக்கும் விதத்தைப் பாருங்கள்

பாலூட்டிகளில் டிஜிஎஃப்-பீட்டா1, 2, 3 என்று மூன்று வடிவங்கள் உண்டு. மனித டிஜிஎஃப்-பீட்டா1 முதலில் 390 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட சங்கிலியாக உருவாகிறது. தொடக்கத்தில் உள்ள 29 அமினோ அமிலங்கள் செல்லிலிருந்து வெளியேறும் வழியைக் காட்டும் குறிப்புப் பகுதி. வேலை முடிந்ததும் வெட்டப்பட்டுவிடும். அடுத்த 249 அமினோ அமிலங்கள் முன்பகுதி. ஆய்வகங்களில் இதை எல்ஏபி என்பார்கள். கடைசி 112தான் உண்மையான வளர்ச்சிக் காரணி. இவ்வாறான இரண்டு சங்கிலிகள் இணைந்து இரட்டையாகின்றன.

செல்லுக்குள்ளேயே ஃபியூரின் என்ற நொதி, முன்பகுதிக்கும் வளர்ச்சிக் காரணிக்கும் நடுவே, 278ஆம் அமினோ அமிலத்தை அடுத்து வெட்டிவிடுகிறது. வெட்டியபின் இரண்டும் பிரிந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பிரிவதில்லை. வேதிப்பிணைப்பு அறுந்த பிறகும் முன்பகுதி வளர்ச்சிக் காரணியை இறுகச் சுற்றிப் பிடித்துக்கொண்டே செல்லைவிட்டு வெளியேறுகிறது. இன்சுலின் போன்ற ஹார்மோன்களில் வெட்டு விழுந்தால் வேலை தொடங்கிவிடும். இங்கே வெட்டு அவசியம், ஆனால் அது மட்டும் போதாது.

படி 2: கட்டின் அமைப்பை மனத்தில் பதியுங்கள்

2011இல் டிமதி ஸ்பிரிங்கரின் ஆய்வுக்குழு பன்றியின் டிஜிஎஃப்-பீட்டா1 முழுத் தொகுப்பின் படிக அமைப்பை வெளியிட்டது. அதுவரை ஊகமாக இருந்த பலவற்றுக்கு அப்போதுதான் உருவம் கிடைத்தது. முன்பகுதியின் தொடக்கத்தில் உள்ள ஒரு சுருளும், அதை அடுத்த தளர்வான வளையமும் வளர்ச்சிக் காரணியை வளைத்துக் கட்டியிருக்கின்றன. கட்டுக்கடங்காத மனநோயாளிகளின் கைகளை முதுகுப்புறம் சேர்த்துக் கட்ட முற்காலத்தில் பயன்பட்ட கட்டுச்சட்டையின் பெயரையே அந்தப் பகுதிக்கு ஆய்வாளர்கள் சூட்டினார்கள். பெயர் பொருத்தமானதுதான். ஏற்பிகள் வந்து ஒட்டவேண்டிய இடங்களை அந்தக் கட்டு மறைத்துவிடுகிறது.

படத்தில் இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, கட்டுச்சட்டையின் ஓர் ஓரத்தில் இருக்கும் 33ஆம் எண் சிஸ்டீன். முன்பகுதி இந்த சிஸ்டீன் வழியாகத்தான் வேறு புரதங்களோடு டைசல்பைடு பிணைப்பால் இணைகிறது. இரண்டாவது, எதிர்ப்பக்கத்தில் முன்பகுதியின் தோள்போன்ற இடத்தில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஆர்ஜினின், கிளைசின், ஆஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலங்கள். ஒற்றை எழுத்துக் குறியீட்டில் இது ஆர்ஜிடி. செல் மேற்பரப்பில் நிற்கும் இன்டெக்ரின் என்ற ஏற்பிகள் தேடிவந்து பிடிப்பது இதைத்தான். இனி வரும் இயங்குமுறையில் பெரும்பாலானவை இந்த இரு புள்ளிகளுக்கு நடுவே நடப்பவை.

கட்டு எவ்வளவு முக்கியம் என்பதற்கு மனிதர்களிலேயே சான்று உண்டு. கமுராட்டி-எங்கெல்மன் நோயில் கால், கை எலும்புகள் தடித்து வலியெடுக்கும். அதற்குக் காரணமான மரபணு மாற்றங்களில் பல, வளர்ச்சிக் காரணியில் இல்லை, முன்பகுதியில் இருக்கின்றன. அதிகம் காணப்படுவது 218ஆம் ஆர்ஜினினில் ஏற்படும் மாற்றம். அது, இரண்டு முன்பகுதிகளையும் ஒன்றோடொன்று பிணைத்துவைக்கும் 223, 225ஆம் சிஸ்டீன்களுக்கு அருகில் உள்ளது. வளர்ச்சிக் காரணியில் குறை இல்லாதபோதும், அதன் கட்டு தளர்ந்தாலே எலும்பு வளர்ச்சி கட்டுமீறிவிடுகிறது.

படி 3: எங்கே கட்டிவைக்கப்பட்டிருக்கிறது என்று கண்டறியுங்கள்

பாடநூல்கள் இந்தப் படியை இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. என் கணிப்பில் கட்டுப்பாட்டின் பாதி இங்கேதான் இருக்கிறது.

33ஆம் சிஸ்டீனில் எந்தப் புரதம் இணைகிறது என்பது செல்லுக்குச் செல் வேறுபடும். நார்ச்செல்கள் போன்றவற்றில் எல்டிபிபி என்ற நீண்ட புரதம் இணைந்து, உறங்கும் டிஜிஎஃப்-பீட்டாவைச் செல்களுக்கு வெளியே உள்ள நார்ப்பின்னலில், ஃபைப்ரோனெக்டின், ஃபைப்ரிலின் இழைகளோடு சேர்த்துக் கட்டிவைக்கிறது. நோய் எதிர்ப்பைத் தணிக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களில் அதே இடத்தை கார்ப் என்ற சவ்வுப் புரதம் பிடித்துக்கொள்கிறது. உறங்கும் தொகுப்பு செல்லின் மேற்பரப்பிலேயே நிற்கிறது. மூளையின் நோய் எதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாவில் கார்ப்பின் உறவுப் புரதமான எல்ஆர்ஆர்சி33 அந்த வேலையைப் பார்க்கிறது.

ஒரே வளர்ச்சிக் காரணிக்கு மூன்று வகை நங்கூரங்கள் எதற்கு? எல்ஆர்ஆர்சி33 இல்லாத எலிகள் இதற்கு விடை தருகின்றன. அவற்றின் உடல் முழுக்க டிஜிஎஃப்-பீட்டா1 இருக்கிறது, ஆனால் மைக்ரோகிளியாவின் மேற்பரப்பில் இல்லை. விளைவாக மைக்ரோகிளியா தன் இயல்பை இழக்கிறது. எலிகளுக்குப் பின்னங்கால்களில் தொடங்கும் வாதம் வருகிறது. இதே மரபணு பழுதான மனிதக் குழந்தைகளிடம் சிறுவயதிலேயே தொடங்கும் நரம்புச் சிதைவும் மூளையில் கால்சியப் படிவும் பதிவாகியிருக்கின்றன. அடுத்த செல்லில் எவ்வளவு டிஜிஎஃப்-பீட்டா இருந்தாலும் இந்தச் செல்லுக்கு அது உதவவில்லை.

உங்கள் செல் வகையில் எந்த நங்கூரம் இருக்கிறது என்று தெரியாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். எல்டிபிபி என்றால் தொகுப்பு நார்ப்பின்னலில் இருக்கும். வளர்ப்புத் திரவத்தில் தேடினால் பெரும்பகுதி தப்பிவிடும். கார்ப் என்றால், செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் செல்லின் மேற்பரப்பிலேயே எல்ஏபியைக் காணலாம்.

படி 4: இழுத்துத் திறக்கும் இன்டெக்ரின்

இன்டெக்ரின்கள் ஆல்ஃபா, பீட்டா என்ற இரு சங்கிலிகளால் ஆன ஏற்பிகள். செல்லை வெளிப்பின்னலோடு ஒட்டவைப்பது அவற்றின் வழக்கமான வேலை. 1999இல் டீன் ஷெப்பர்டும் உடன் ஆய்வாளர்களும், ஆல்ஃபா-வி பீட்டா-6 என்ற இன்டெக்ரின் உறங்கும் டிஜிஎஃப்-பீட்டா1ஐப் பிடித்து எழுப்புகிறது என்று காட்டினார்கள். உறுப்புகளின் பரப்புகளை மூடும் எபிதீலியச் செல்களில் மட்டும் காணப்படும் இன்டெக்ரின் இது. சாதாரண நாட்களில் அளவு குறைவு. காயமோ அழற்சியோ வந்தால் ஏறிவிடும்.

அந்த ஆய்வில் மூன்று விவரங்களைக் கவனிக்க வேண்டும். பீட்டா-6 சங்கிலியின் செல்லுக்கு உள்ளே இருக்கும் வாலை வெட்டிவிட்டால், இன்டெக்ரின் தொகுப்பைப் பிடிக்கிறது, ஆனால் எழுப்புவதில்லை. செல்லின் ஆக்டின் இழைகளைக் குலைக்கும் சைட்டோகலாசின்-டி சேர்த்தாலும் எழுப்புதல் நின்றுவிடுகிறது. வளர்ப்புத் திரவத்தில் தேடினால் எழுந்த டிஜிஎஃப்-பீட்டா கிடைப்பதில்லை. அருகில் ஒட்டி நிற்கும் செல்லுக்கு மட்டும் சமிக்ஞை போகிறது. ஆகவே பிடிப்பதால் மட்டும் காரியம் நடப்பதில்லை. செல்லின் உள்சட்டம் ஆர்ஜிடி வழியாகத் தோளை இழுக்க வேண்டும்.

இழுப்பு விசையாக மாற, மறுமுனை அசையாமல் நிற்க வேண்டும். அதற்குத்தான் எல்டிபிபி. தோள் ஒரு பக்கம் இழுபட, 33ஆம் சிஸ்டீன் மறுபக்கம் நார்ப்பின்னலோடு பிணைந்து நிற்க, நடுவில் உள்ள கட்டுச்சட்டை நீண்டு குலைகிறது. உள்ளே இருந்த வளர்ச்சிக் காரணி விடுபடுகிறது. எல்டிபிபி-1 இல்லாவிட்டால் பீட்டா-6 இன்டெக்ரினால் ஒன்றும் செய்ய முடிவதில்லை என்பது 2004இல் தெரியவந்தது. தழும்பு உருவாக்கும் மயோஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் சுருங்கும்போதும் இதே வகையில் வெளிப்பின்னலிலிருந்து டிஜிஎஃப்-பீட்டா எழுகிறது என்று 2007இல் போரிஸ் ஹின்ஸ் குழு காட்டியது. பின்னல் மென்மையாக இருந்தால் இழுப்பு வீணாகிறது. விறைப்பாக இருந்தால் பலிக்கிறது. விறைத்த திசு டிஜிஎஃப்-பீட்டாவை எழுப்புகிறது, எழுந்த டிஜிஎஃப்-பீட்டா மேலும் நாரைச் சேர்த்துத் திசுவை விறைக்கவைக்கிறது. நுரையீரல் நார்த்திசுப் பெருக்கம் ஒருமுறை தொடங்கினால் நிற்க மறுப்பதற்கு இந்தச் சுழற்சி ஒரு முக்கியக் காரணம்.

பீட்டா-6 இன்டெக்ரின் விரும்புவது வெறும் ஆர்ஜிடியை அல்ல. அதற்கு அடுத்து லூசினும், அதிலிருந்து மூன்றாவது இடத்தில் லூசினோ ஐசோலூசினோ வரும் வரிசையை. டிஜிஎஃப்-பீட்டா1, 3 இரண்டின் முன்பகுதியிலும் இது இருக்கிறது, பீட்டா2இல் ஆர்ஜிடியே இல்லை. மாட்டுக்கு வரும் கோமாரி நோயின் வைரஸும் தன் புரத ஓட்டில் இத்தகைய வரிசையைத்தான் வைத்திருக்கிறது. மாட்டின் எபிதீலியச் செல்லுக்குள் அது நுழைய உதவும் முக்கிய ஏற்பியும் இதே இன்டெக்ரின்தான். வாயிலும் குளம்புகளுக்கு இடையிலும் புண் வருவதற்கும், அந்தத் தோற்பரப்புகளில் இந்த இன்டெக்ரின் மிகுந்திருப்பதற்கும் தொடர்பு உண்டு.

படி 5: இழுக்காமலே எழுப்பும் இன்டெக்ரின்

ஆல்ஃபா-வி பீட்டா-8 வேறு ரகம். டென்ட்ரைட்டிக் செல்கள், மூளையின் ஆதாரச் செல்கள், சில நார்ச்செல்கள் ஆகியவற்றில் காணப்படுகிறது. இதன் வால் ஆக்டினோடு சேர்வதில்லை. வாலை வெட்டினாலும் எழுப்பும் திறன் போவதில்லை. அப்படியென்றால் விசை எங்கிருந்து வருகிறது? 2002இல் ஸ்டீபன் நிஷிமுரா குழு, மேற்பரப்பில் உள்ள எம்டி1-எம்எம்பி என்ற புரதச் சிதைப்பு நொதியைக் கைகாட்டியது: இன்டெக்ரின் தொகுப்பைப் பிடித்துத் தர, நொதி முன்பகுதியை வெட்டும் என்பது அந்த விளக்கம்.

2020இல் அதே குழுவினரும் யிஃபான் செங்கின் ஆய்வுக்குழுவும் உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படங்கள் கதையை மாற்றின. பீட்டா-8 இன்டெக்ரின் தோளைப் பிடித்ததும் அந்தப் பக்கம் இறுகுகிறது. எதிர்ப்பக்கத்தில் கட்டும் வளையமும் தளர்ந்து ஆடத் தொடங்குகின்றன. அந்த ஆட்டத்தில் வளர்ச்சிக் காரணியின் ஏற்பி தொடும் முகம் அவ்வப்போது வெளித்தெரிகிறது. முன்பகுதியைவிட்டு வெளியேறாமலே அது ஏற்பியோடு பேசிவிடுகிறது. ஃபியூரின் வெட்டும் இடத்தை மாற்றி, வளர்ச்சிக் காரணி ஒருபோதும் பிரிய முடியாதபடி செய்த தொகுப்பும் கார்ப்போடு நிற்கும்போது சமிக்ஞை தந்தது. 2024இல் வந்த தொடர் ஆய்வில், அந்த மாற்றத்தைக் கொண்ட எலிகள், டிஜிஎஃப்-பீட்டா1 அறவே இல்லாத எலிகளைப்போல இளமையிலேயே அழற்சியால் சாகவில்லை.

எல்லாச் சூழலிலும் இப்படித்தானா என்பதில் துறைக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. என் சாய்வு இது: செல்லின் மேற்பரப்பில் கார்ப் அல்லது எல்ஆர்ஆர்சி33 பிடியில் இருக்கும் தொகுப்புக்கு இந்த விளக்கம் நன்றாகப் பொருந்துகிறது. மிதக்கும் சவ்வில் நங்கூரமிட்ட ஒன்றை இழுத்துக் கிழிப்பது எளிதல்ல. இழுக்காமல் எழுப்பும் வழி அங்கே தேவைப்படுகிறது. நார்ப்பின்னலில் கட்டியிருப்பதற்கு இழுப்பே போதும்.

இவ்வளவுக்கும் ஆர்ஜிடிதான் ஆதாரமா என்ற ஐயம் இருந்தால் 2007இன் எலிச் சோதனையைப் பாருங்கள். டிஜிஎஃப்-பீட்டா1 முன்பகுதியில் ஆஸ்பார்டிக் அமிலத்தை குளுட்டாமிக் அமிலமாக மாற்றினார்கள். ஒரே ஒரு கார்பன் நீளம் கூடிய மாற்றம். புரதம் வழக்கம்போல உற்பத்தியானது, இன்டெக்ரின் மட்டும் பிடிக்க முடியவில்லை. அந்த எலிகளின் இரத்தநாளக் குறையும் பல உறுப்பு அழற்சியும் டிஜிஎஃப்-பீட்டா1 மரபணுவையே நீக்கிய எலிகளில் காண்பவையாகவே இருந்தன. இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

எழுந்தபின் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். வளர்ச்சிக் காரணி இரண்டாம் வகை ஏற்பியைத் தொடுகிறது. அது முதல் வகை ஏற்பியான ஏஎல்கே5ஐ பாஸ்பேட் ஏற்றி இயக்குகிறது. ஏஎல்கே5 ஸ்மாட்2, ஸ்மாட்3 புரதங்களுக்கு பாஸ்பேட் ஏற்றுகிறது. அவை ஸ்மாட்4ஓடு சேர்ந்து உட்கருவுக்குள் சென்று மரபணுக்களை இயக்குகின்றன.

படி 6: மொத்தத்தையும் செயல்படுவதையும் தனித்தனியே அளவிடுங்கள்

எதிர்ப்பொருளால் புரதத்தின் அளவைக் காணும் முறை எலைசா. சந்தையில் கிடைக்கும் எலைசா கருவிப்பெட்டிகளில் பல, கட்டிலிருந்து விடுபட்ட டிஜிஎஃப்-பீட்டாவை மட்டுமே காணும். ஆகவே மாதிரியை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை அப்படியே அளந்தால் செயல்நிலையில் உள்ளது கிடைக்கும். மறுபாதியை அமிலமேற்றி அளந்தால் மொத்தம் கிடைக்கும். வழக்கமான முறை: 100 மைக்ரோலிட்டர் வளர்ப்புத் திரவத்தில் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மைக்ரோலிட்டர் சேர்த்து, அறை வெப்பநிலையில் 10 நிமிடம் வைத்து, சோடியம் ஹைட்ராக்சைடும் ஹெப்பெஸும் கலந்த கரைசலால் நடுநிலைப்படுத்துவது. அளவுகள் கருவிப்பெட்டிக்குக் கருவிப்பெட்டி மாறும் என்பதால் அதன் கையேட்டையே பின்பற்றுங்கள். நடுநிலைப்படுத்திய பின் பிஎச் தாளில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பது நல்லது. அமிலம் மிஞ்சினால் எலைசாவின் எதிர்ப்பொருளே பழுதாகி எண்கள் தாறுமாறாகிவிடும்.

மாதிரி எடுக்கும்போதே கெட்டுப்போக இரண்டு வழிகள் உண்டு. முதலாவது சீரம். இரத்தத் தட்டுகளில் டிஜிஎஃப்-பீட்டா1 மிகுதி. இரத்தம் உறையும்போது அவை அதைக் கொட்டிவிடும். சீரத்தில் அளந்தால் நோயாளியின் நிலைக்குப் பதில் தட்டுகளின் எண்ணிக்கையைத்தான் அளந்திருப்பீர்கள். தட்டுகளை நீக்கிய பிளாஸ்மாவைப் பயன்படுத்துங்கள். இரண்டாவது, வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் கன்றுக்கருச் சீரம். அதிலும் உறங்கும் டிஜிஎஃப்-பீட்டா உண்டு; மாட்டின் டிஜிஎஃப்-பீட்டா1க்கும் மனிதனுடையதற்கும் எலைசா வேறுபாடு காணாது. சீரமில்லாத ஊடகத்தில் செல்களை வைத்துத் திரவத்தைச் சேகரியுங்கள், செல் படாத ஊடகத்தையும் கூடவே அளந்து கழியுங்கள்.

இவ்வளவு செய்தும் செயல்நிலை அளவு பூஜ்யம் என்று வரலாம். பதற வேண்டாம். எழுந்த டிஜிஎஃப்-பீட்டா பிளாஸ்மாவில் இரண்டு மூன்று நிமிடங்களில் பாதியாகிவிடும்; பிளாஸ்டிக் கிண்ணத்திலும் ஒட்டிக்கொள்ளும். நான்காம் படியில் சொன்னதுபோல இன்டெக்ரின் எழுப்புவது திரவத்துக்கு வருவதுகூட இல்லை. அதனால்தான் அடுத்த படி.

படி 7: செல்லையே அளவுகோலாக்குங்கள்

1994இல் டேனியல் ரிஃப்கின் குழு உருவாக்கிய, மிங்க் என்ற விலங்கின் நுரையீரல் எபிதீலியச் செல்கள் இன்றும் இத்துறையின் நம்பகமான கருவி. டிஜிஎஃப்-பீட்டா பட்டதும் பிஏஐ-1 மரபணுவின் தூண்டுபகுதி, ஒளி தரும் லூசிஃபெரேஸ் நொதியை உண்டாக்கும். ஒளியை அளந்தால் போதும். உங்கள் சோதனைச் செல்களையும் மிங்க் செல்களையும் ஒரே கிண்ணத்தில் சேர்த்து இரவு முழுக்க வைத்து, மறுநாள் செல்களைக் கரைத்து ஒளியை அளவிடுங்கள்.

கட்டுப்பாட்டுக் கிண்ணங்களில்தான் இந்தச் சோதனையின் உயிர் இருக்கிறது. மிங்க் செல்கள் மட்டும் உள்ள கிண்ணம் அடிப்படை ஒளியைத் தரும். தெரிந்த அளவு தூய டிஜிஎஃப்-பீட்டா சேர்த்த வரிசை அளவுகோலாகும். டிஜிஎஃப்-பீட்டாவின் மூன்று வடிவங்களையும் முடக்கும் எதிர்ப்பொருள் சேர்த்த கிண்ணத்தில் ஒளி அடங்க வேண்டும். அடங்காவிட்டால் நீங்கள் அளப்பது வேறு எதையோ. அதேபோல ஏஎல்கே5ஐத் தடுக்கும் எஸ்பி-431542 சேர்த்த கிண்ணமும் அடங்க வேண்டும். பிறகு பீட்டா-6க்கும் பீட்டா-8க்கும் தனித்தனித் தடுப்பு எதிர்ப்பொருள்கள், அவற்றுக்கு இணையான வெற்று எதிர்ப்பொருளோடு ஒப்பிட்டு.

எழுப்பும் முறையைப் பிரித்தறிய மூன்று கூடுதல் கிண்ணங்கள் போதும். இரு வகைச் செல்களையும் நுண்துளைச் சவ்வால் பிரித்து வையுங்கள். சமிக்ஞை மறைந்தால் எழுப்புதல் தொடுகையைச் சார்ந்தது. சைட்டோகலாசின்-டி சேர்த்தால் மறைகிறதா என்று பாருங்கள். மறைந்தால் இழுப்பு நடக்கிறது. உலோகப் புரதச் சிதைப்பு நொதிகளின் தடுப்பானைச் சேர்த்துப் பாருங்கள். மறைந்தால் வெட்டு நடக்கிறது. இந்தத் தடுப்பான்கள் மிங்க் செல்லின் ஒளியையே பாதிக்கின்றனவா என்பதைத் தூய டிஜிஎஃப்-பீட்டா சேர்த்த கிண்ணத்தில் முன்கூட்டியே சரிபார்த்துவிடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு வந்த கட்டுரைகள் குறைவில்லை. இன்டெக்ரின்கள் பிடிக்க மெக்னீசியம் அல்லது கால்சியம் அயனிகள் வேண்டும். அவற்றைக் கவரும் இடிடிஏ எந்தக் கரைசலிலும் மிச்சமிருக்கக் கூடாது.

படி 8: மருந்தாக்க நினைத்தால்

டிஜிஎஃப்-பீட்டாவை முழுவதுமாக அடக்கினால் விபரீதம். ஏஎல்கே5 தடுப்பான்கள் விலங்குகளில் இதய வால்வுகளைப் பாதித்தது பதிவாகியிருக்கிறது. எனவேதான் எழுப்பும் மேற்பரப்புப் புரதத்தை மட்டும் குறிவைக்கும் யோசனை எடுபட்டது. பீட்டா-6 மரபணு இல்லாத எலிகளுக்கு, நுரையீரலைப் புண்படுத்தும் பிளியோமைசின் மருந்தைக் கொடுத்தும் நுரையீரலில் நார்த்திசு பெரிதாகச் சேரவில்லை. ஆனால் அதே எலிகளுக்கு வயதானபின் எம்எம்பி-12 நொதி மிகுந்து, நுரையீரலின் காற்றறைகள் சிதையும் எம்ஃபிசீமா வந்தது. இந்த எச்சரிக்கை போதிய அளவு மதிக்கப்பட்டதா என்பது என் ஐயம். காரணம் அறியாத நுரையீரல் நார்த்திசு நோயில் பீட்டா-6 எதிர்ப்பொருள் ஒன்றின் இரண்டாம் கட்டச் சோதனை பாதுகாப்புக் காரணங்களால் இடையில் நிறுத்தப்பட்டது. பீட்டா-6, பீட்டா-1 இன்டெக்ரின்கள் இரண்டையும் தடுக்கும் பெக்சோடெக்ராஸ்ட் என்ற மாத்திரையின் சோதனையும் 2025இல் நின்றுபோனது. கார்ப்பின் பிடியில் உள்ள டிஜிஎஃப்-பீட்டா1ஐ மட்டும் எழவிடாமல் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் புற்றுநோய்க்காகச் சோதிக்கப்படுகின்றன. அத்தகைய எதிர்ப்பொருளின் பிணைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் படிக அமைப்பு 2018இல் வெளியானது.

படி 9: வேறு காரணிக்குப் போகும்போது

இதே வரைபடத்தை எல்லா வளர்ச்சிக் காரணிகளுக்கும் நீட்டிவிட வேண்டாம். தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் டிஜிஎஃப்-பீட்டா குடும்பம்தான். ஆயினும் அதன் முன்பகுதியை பிஎம்பி-1, டோலாய்டு வகை நொதிகள் வெட்டித்தான் எழுப்புகின்றன. எச்பி-இஜிஎஃப் சவ்விலேயே பதிந்து பிறந்து, ஏடிஏஎம் குடும்ப நொதிகள் வெட்டியபின் விடுபடுகிறது. எஃப்ஜிஎஃப் வகையில் பலவற்றுக்குக் கட்டே கிடையாது. ஏற்பியோடு உறுதியாகச் சேர செல் மேற்பரப்பில் உள்ள ஹெப்பரான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலியின் துணை வேண்டும். டிஜிஎஃப்-பீட்டா2க்கு ஆர்ஜிடி இல்லாததால் இன்டெக்ரின் தடுப்பான் பலிக்கவில்லை என்று கைவிரிக்கும் முன், உங்கள் திசுவில் இருப்பது எந்த வடிவம் என்று ஆர்என்ஏ அளவிலாவது பார்த்துவிடுங்கள். பீட்டா2 என்றால் ஆறாம் படியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். இன்டெக்ரின் எதிர்ப்பொருள்களுக்குப் பதில் புரதச் சிதைப்பு நொதிகளின் தடுப்பான்களை வரிசையாக வைத்து.